கிரேட்ஃபுல் டெட் பாட்டு இன்று யார் கையில்? ஜாம் பேண்ட், டிரிப்யூட் கச்சேரிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க ஜாம் பேண்ட் கச்சேரிகளுக்கு முதன்முறை போகிறவர்களும், வீட்டிலிருந்தே நேரலையில் கேட்கிறவர்களும், தாங்களே ஒரு டிரிப்யூட் குழு (வேறொரு குழுவின் பாட்டுகளை வாசிக்கும் குழு) தொடங்கலாமா என்று யோசிக்கிறவர்களும் கேட்கும் கேள்விகள் இவை. பெரும்பாலான பதில்கள் கிரேட்ஃபுல் டெட், சுருக்கமாக டெட், என்ற ராக் குழுவைச் சுற்றியே வரும். இந்த உலகத்தின் பாதி நடைமுறைகள் அங்கிருந்து வந்தவை.

பாட்டை இருபது நிமிஷம் நீட்டினால் ஜாம் பேண்ட் ஆகிவிடுமா?

ஆகாது. நீளத்தை வைத்துச் சொல்ல முடியாது. நேற்று வாசித்த பட்டியலை இன்று வாசிக்காத குழு, பாட்டின் நடுப்பகுதி எங்கே போகும் என்று மேடையில் இருப்பவர்களுக்கே தெரியாத குழு, பெரும்பாலும் ரசிகர்களைப் பதிவு செய்யவும் விடுகிற குழு: அதுதான் ஜாம் பேண்ட். நமக்கு மனோதர்மம் என்ற சொல் இருப்பதால் இது எளிதில் புரியும். ஒரு வித்தியாசம் உண்டு. கர்நாடகக் கச்சேரியில் ஒருவர் பாட, மற்றவர்கள் பின்தொடர்வார்கள். இங்கே ஐந்தாறு பேரும் ஒரே நேரத்தில் தேடிக்கொண்டிருப்பார்கள்.

கிரேட்ஃபுல் டெட் 1965இல் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் தொடங்கியது. ஆல்மன் பிரதர்ஸ் 1969, ஃபிஷ் 1983 (வெர்மான்ட்), ஒயிட்ஸ்ப்ரெட் பேனிக் 1986 (ஜார்ஜியா), கூஸ் 2014 (கனெக்டிகட்). பட்டியல் மாறுவது என்றால் என்ன என்பதற்கு ஃபிஷ்ஷின் 2017 நியூயார்க் கச்சேரிகளைப் பாருங்கள். மேடிசன் ஸ்கொயர் கார்டனில் 13 இரவுகள், ஒரு பாட்டுகூடத் திரும்ப வரவில்லை.

மற்ற இசையில் டிரிப்யூட் குழு என்றால் ஒரு இளக்காரம் உண்டே, இங்கே ஏன் இல்லை?

மற்ற இடங்களில் டிரிப்யூட் என்றால் விக், அதே உடை, இசைத்தட்டில் இருப்பதை அப்படியே வாசிப்பது. இங்கே இசைத்தட்டு மூலமே இல்லை. டெட் 30 வருஷத்தில் வாசித்த 2,300க்கும் மேற்பட்ட கச்சேரிகள்தான் மூலம். ஒவ்வொன்றும் வேறு. டெட்டின் கிடாரிஸ்ட் ஜெர்ரி கார்சியா 1995 ஆகஸ்ட் 9 அன்று இறந்தார். அதற்கு ஒரு மாதம் முன்பு, ஜூலை 9 அன்று, சிகாகோ சோல்ஜர் ஃபீல்டில் நடந்ததே கடைசிக் கச்சேரி. அதன் பிறகு அந்தப் பாட்டுகள் பொதுச் சொத்து மாதிரி ஆகிவிட்டன. (சட்டப்படி இல்லை, அதற்குக் கீழே வருவோம்.) நகல் எடுக்கவே முடியாத ஒன்றை வாசிப்பவரை நகல் என்று யாரும் சொல்வதில்லை.

இத்தனை குழுக்களில் எதை முதலில் பார்ப்பது?

பாட்டுகள் அவ்வளவாகத் தெரியாது என்றால் டார்க் ஸ்டார் ஆர்கெஸ்ட்ரா. 1997இல் சிகாகோவில் தொடங்கிய குழு. டெட் ஏதோ ஒரு தேதியில் வாசித்த முழுக் கச்சேரியை அதே வரிசையில், அந்தக் காலத்து ஒலியோடு வாசிப்பார்கள். பாட்டுகள் ஏற்கெனவே மனப்பாடம் என்றால் ஜோ ரூசோவின் ஆல்மோஸ்ட் டெட். 2013 ஜனவரியில் புரூக்ளினில் ஒரே ஒரு இரவுக்கென்று கூடியவர்கள் இன்னும் வாசித்துக்கொண்டிருக்கிறார்கள். வேகமாகப் போவார்கள், ஒரு பாட்டின் நடுவே இன்னொன்றின் துண்டைச் செருகுவார்கள். பாட்டு தெரியாதவருக்கு அதில் பாதி நகைச்சுவை போய்விடும்.

மூலக் குழுவினர் நடத்தியவை தனி வரிசை: தி அதர் ஒன்ஸ் (1998), ஃபர்தர் (2009–2014), ஜான் மேயரோடு 2015இல் தொடங்கிய டெட் அண்ட் கம்பெனி. கடைசியாகச் சொன்னது 2023இல் சுற்றுப்பயணத்தை முடித்துக்கொண்டு, 2024, 2025இல் லாஸ் வேகாஸ் ஸ்பியர் அரங்கில் தொடர் கச்சேரிகள் நடத்தியது. அவர்கள் பல பாட்டுகளை மூலத்தைவிட மெதுவாக வாசித்தார்கள். அது பிடிக்காதவர்கள் ஏராளம், பிடித்தவர்கள் அதைவிட ஏராளம்.

டார்க் ஸ்டார் ஆர்கெஸ்ட்ரா எந்தத் தேதியை வாசிக்கிறது என்று முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா?

முடியும், பாதி ரசிகர்கள் அதற்காகவே சீக்கிரம் வருகிறார்கள். தேதியையும் ஊரையும் கச்சேரி முடிந்த பிறகுதான் மேடையில் அறிவிப்பார்கள். ஆனால் காலகட்டத்துக்கு ஏற்றபடிதான் மேடையை அமைப்பார்கள் என்பதால், விளக்கு அணைவதற்குள்ளேயே நிறையத் தெரிந்துவிடும்.

முதலில் டிரம்ஸை எண்ணுங்கள். ஒரே செட் என்றால் அநேகமாக 1971 பிப்ரவரி முதல் 1974 அக்டோபர் வரை. அந்த இடைவெளியில் மிக்கி ஹார்ட் குழுவில் இல்லை, பில் க்ரூட்ஸ்மன் மட்டுமே. இரண்டு செட் என்றால் அதற்கு முன்போ பின்போ.

அடுத்து கீபோர்டு. பியானோ தெரிந்தால் கீத் காட்சோ இருந்த 1971 கடைசி முதல் 1979 தொடக்கம் வரையான காலம். ஹேமண்ட் ஆர்கனும் எலெக்ட்ரிக் பியானோவும் சேர்ந்து இருந்தால் ப்ரென்ட் மிட்லண்ட், அதாவது 1979 ஏப்ரல் முதல் 1990 ஜூலை வரை. ஆர்கன் மட்டும் என்றால் பிக்பென் காலம், 60களின் கடைசி, 70இன் தொடக்கம். டிஜிட்டல் கீபோர்டு மட்டும் என்றால் வின்ஸ் வெல்னிக், 1990 செப்டம்பருக்குப் பிறகு.

பெண் குரலுக்கு ஒரு மைக் இருந்தால் டானா காட்சோ, 1972–1979. இரண்டு டிரம்ஸ், பியானோ, பெண் குரல் மூன்றும் சேர்ந்தால் 1976 முதல் 1979 தொடக்கம் வரை. பலருக்கும் மிகப் பிடித்த காலம் அது. ஸ்டூல் போட்டு அக்கூஸ்டிக் கிடார் வைத்திருந்தால் 1970 அல்லது 1980 இலையுதிர்காலம் என்று பந்தயமே கட்டலாம்.

மீதியைப் பாட்டுகள் சொல்லும். ‘ஸ்கார்லெட் பிகோனியாஸ்’ நேராக ‘ஃபயர் ஆன் தி மவுண்டன்’ பாட்டுக்குள் போனால் 1977 மார்ச்சுக்கு முன்பு இருக்க முடியாது. ‘டச் ஆஃப் கிரே’ வந்தால் 1982 செப்டம்பருக்குப் பிறகுதான். 1987இல் அது ரேடியோவில் வெற்றி பெற்றதால், அந்த வருஷத்துப் பாட்டு என்று நினைத்து ஏமாறுகிறவர்கள் உண்டு.

ஒரு எச்சரிக்கை: சில இரவுகளில் பழைய பட்டியலை விட்டுவிட்டுத் தாங்களே தேர்ந்த பாட்டுகளை வாசிப்பார்கள். அன்று 1973 பாட்டும் 1989 பாட்டும் கலந்து வரும். துப்பறிவதை விட்டுவிட்டுப் பாட்டைக் கேளுங்கள்.

செட்லிஸ்டில் (வாசித்த பாட்டுகளின் பட்டியலில்) வரும் > குறி எதற்கு?

நிற்காமல் அடுத்த பாட்டுக்குள் போனார்கள் என்று பொருள். காற்புள்ளி என்றால் நிறுத்தி, கைதட்டு வாங்கி, பிறகு தொடங்கினார்கள். மூன்று பாட்டுகள் > போட்டு, கடைசியில் முதல் பாட்டே மறுபடி வந்தால் ‘சாண்ட்விச்’. வருஷக்கணக்கில் வாசிக்காததை எடுத்தால் ‘பஸ்ட்அவுட்’. வேறொரு பாட்டின் இரண்டு வரி மெட்டை மட்டும் காட்டிவிட்டு நழுவினால் ‘டீஸ்’. ஃபிஷ் ரசிகர்கள் பேச்சில் ‘டைப் ஒன்’ என்றால் பாட்டின் ஸ்வர அமைப்புக்குள்ளேயே சுற்றும் ஜாம், ‘டைப் டூ’ என்றால் அதை விட்டு வெளியே போய்விட்டது.

இரண்டாம் பாதியில் டிரம்ஸ் மட்டும் வரும்போது வெளியே போய் வரலாமா?

போகிறார்கள். கழிவறை வரிசை அப்போதுதான் மிக நீளம், ஆகவே போவதில் லாபமும் இல்லை. 1978 முதல் டெட் கச்சேரிகளில் ஏறக்குறைய தினமும் வந்த பகுதி இது. நம் தனி ஆவர்த்தனத்துக்குப் பக்கத்து வீடு என்று சொன்னால் தவறில்லை, வெறும் ஒப்புமையும் இல்லை. மிக்கி ஹார்ட் தபலா மேதை அல்லா ரக்காவிடம் கற்றவர். பிறகு ஜாகிர் உசேனோடு சேர்ந்து வாசித்தவர். 1991இல் வந்த அவருடைய ‘பிளானெட் டிரம்’ தொகுப்பில் கடம் வாசித்தவர் நம் விக்கு விநாயக்ராம். உலக இசைக்கென்று கிராமி விருது ஏற்படுத்தியபோது முதலில் அதைப் பெற்றதும் அந்தத் தொகுப்புதான். அந்தப் பத்து நிமிஷம் நாற்காலியில் உட்கார்ந்து கேட்க ஒரு தமிழருக்குக் காரணம் வேண்டுமென்றால் இது போதும்.

கச்சேரி எவ்வளவு நேரம்? எங்கே நிற்பது?

இரண்டு செட், அதாவது இரண்டு பாதி, ஒவ்வொன்றும் 75 முதல் 90 நிமிஷம். நடுவே அரை மணி இடைவேளை, கடைசியில் ஒன்றிரண்டு பாட்டு. பெரும்பாலும் முன்னால் வாசிக்க வேறு குழு கிடையாது. டிக்கெட்டில் 7:30 என்று போட்டிருந்தால் 7:45க்குள் தொடங்கிவிடும், தாமதமாகப் போகாதீர்கள்.

நிற்க நல்ல இடம் மேடையின் கம்பி ஓரம் இல்லை. அங்கே கிடார் ஆம்ப், டிரம்ஸ் நேரடியாகக் காதில் விழும். பாடுகிற குரல் மட்டும் தலைக்கு மேலே போய்விடும். ஒலிப் பொறியாளர் உட்காரும் மிக்ஸருக்குக் (ஒலிக்கலவை மேசைக்கு) கொஞ்சம் முன்னால், மண்டபத்தின் மையக் கோட்டில் நில்லுங்கள். அவர் தன் காதுக்குத்தான் ஒலியைச் சரிசெய்கிறார்.

கொலராடோவின் ரெட் ராக்ஸ் போன்ற திறந்தவெளி அரங்கு என்றால் 6,450 அடி உயரத்தையும் படிக்கட்டுகளையும் மனதில் வையுங்கள். தண்ணீர் கூடுதலாகக் குடிக்க வேண்டும், ஜூலை இரவிலும் ஸ்வெட்டர் வேண்டும். பெரிய விளையாட்டரங்குகளில் பை கண்ணாடி போல ஒளிபுகக் கூடியதாக, 12×6×12 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. துணிப்பையைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

காதுக்கு ஏதாவது வேண்டுமா?

வேண்டும். 85 டெசிபலில் 8 மணி நேரம் பாதுகாப்பு என்றால், ஒவ்வொரு 3 டெசிபல் ஏற்றத்துக்கும் நேரம் பாதியாகிறது. 100 டெசிபலில் அது 15 நிமிஷம். மூன்று மணி நேரக் கச்சேரிக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். பஞ்சு போன்ற நுரை அடைப்பான் சிம்பல் ஒலியை மொத்தமாக விழுங்கிவிடும். இசைக்கென்றே செய்த 15–20 டெசிபல் அடைப்பான்களில் எல்லாம் சமமாகக் குறையும். முதல் பாட்டிலேயே போட்டுவிடுங்கள், காது இரைந்த பிறகு போட்டு என்ன பயன்?

டிக்கெட் கிடைக்கவில்லை. பிளாக்கில் வாங்கலாமா?

அவசரப்படாதீர்கள். டெட் 1983 முதலே தபாலில் நேரடியாக டிக்கெட் விற்ற குழு. ரசிகர்கள் உறையில் படம் வரைந்து அனுப்புவார்கள். அந்த மனநிலை இன்னும் இருப்பதால், அச்சிட்ட விலைக்கே கைமாற்றுவது இங்கே ஒரு கௌரவம். கேஷ் ஆர் ட்ரேட் தளத்தில் அந்த விலைக்கு மேல் விற்க அனுமதி இல்லை. கச்சேரிக்கு முந்தைய 48 மணி நேரத்தில் அங்கே டிக்கெட் நிறைய வரும், அப்போது தேடுங்கள்.

வாசலில் வாங்குவதானால் ஸ்கிரீன்ஷாட்டை நம்பவே கூடாது. பெரிய அரங்குகளின் டிக்கெட்டில் பார்கோடு சில நொடிகளுக்கு ஒருமுறை மாறும். உங்கள் கணக்குக்கு மாற்றிவிட்டதைக் கண்ணால் பார்த்த பிறகு பணம் கொடுங்கள். ஒற்றை விரலைத் தூக்கிக்கொண்டு நிற்பவர்கள் ‘மிரக்கிள்’ கேட்கிறார்கள், அதாவது யாராவது ஒரு டிக்கெட் சும்மா தருவார்களா என்று. உங்களிடம் ஒன்று மிஞ்சினால் அவர்களிடம் கொடுப்பதுதான் மரபு.

வண்டி நிறுத்துமிடத்தில் நடக்கும் சந்தை பாதுகாப்பானதா?

ஷேக்டவுன் ஸ்ட்ரீட் என்று பெயர். சாயமிட்ட டி-ஷர்ட், வாட்டிய சீஸ் சாண்ட்விச், ஸ்டிக்கர். சில்லறை நோட்டு கொண்டுபோங்கள். உஸ் என்று சிலிண்டர் சத்தமும் கையில் பலூனுமாக ஒரு கூட்டம் தெரிந்தால் விலகிப் போங்கள். அது நைட்ரஸ் ஆக்சைடு. நின்றபடி இழுத்து மயங்கி, சிமெண்ட் தரையில் தலை அடிபட விழுவார்கள். அதே பலூன், மஞ்சள் நிறத்தில், அரங்குக்குள் ஒரு மேசையில் கட்டியிருந்தால் பொருள் நேர் எதிர். அது வார்ஃப் ராட்ஸ், போதையில்லாமல் கச்சேரி கேட்பவர்களின் குழு. இடைவேளையில் அங்கே கூடுவார்கள், யாரும் போகலாம்.

நானே பதிவு செய்யலாமா? என்ன கருவி வேண்டும்?

குழு அனுமதித்தால் செய்யலாம். டெட் 1984 அக்டோபரில் பெர்க்லியில் பதிவாளர்களுக்கென்று தனிப் பகுதி ஒதுக்கியது. அதற்கு முன் மிக்ஸருக்கு எதிரே மைக் காடு முளைத்து ஒலிப் பொறியாளரின் பார்வையை மறைத்துக்கொண்டிருந்தது. ஃபிஷ் உள்ளிட்ட சில குழுக்கள் பதிவாளர்களுக்கு டேப்பர் டிக்கெட் என்று தனியாகவே விற்கின்றன. விதிகள் ஒவ்வொரு குழுவுக்கும் வேறு, போகும் முன் படித்துவிடுங்கள்.

தேவையானவை: ஒரே மாதிரியான கார்டியாய்டு மைக் (முன்னாலிருந்து வரும் ஒலியை அதிகம் பிடிப்பது) இரண்டு, இரண்டையும் தாங்கும் குறுக்குச் சட்டம், உயரமான ஸ்டாண்டு, மைக்குக்குக் கேபிள் வழியே 48 வோல்ட் ஃபேண்டம் மின்சாரம் தரும் ரெக்கார்டர், மாற்று பேட்டரி. மைக்குகளை 17 செ.மீ. இடைவெளியில் 110 பாகை விரித்து வைப்பது ஓ.ஆர்.டி.எஃப். முறை. மேடைக்கு அருகில் இருந்தால் இது அழகு. 80 அடி தள்ளி இருந்தால் அதே விரிப்பு பக்கத்துக் கூட்டத்தின் பேச்சைத்தான் பிடிக்கும். கோணத்தைக் குறையுங்கள், அல்லது இன்னும் குறுகலாகப் பிடிக்கும் ஹைப்பர்கார்டியாய்டு மைக்குக்கு மாறுங்கள்.

24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் வையுங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 1 ஜிபி, கச்சேரிக்கு 3 ஜிபிக்குச் சற்று மேல். உச்ச அளவு −12 டெசிபலில் இருக்கட்டும். முதல் பாட்டைவிடக் கடைசிப் பாட்டு எப்போதும் சத்தமாக இருக்கும், அந்த 12 டெசிபல் அதற்கான இடம். ஆட்டோ லெவலை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் மெல்லிய பகுதிகளில் கூட்டத்தின் இரைச்சல் தானாக ஏறி, டிரம்ஸ் விழும்போது எல்லாம் அமுங்கும். அதைப் பிறகு எந்த மென்பொருளும் சரிசெய்யாது. பேட்டரி தீராவிட்டாலும் இடைவேளையில் மாற்றுங்கள். இரண்டாம் செட் நடுவில் கருவி அணைந்துபோவதுதான் இந்த வேலையில் மிகப் பொதுவான விபத்து.

வீட்டுக்கு வந்ததும் பாட்டு வாரியாக வெட்டி, தரம் குறையாத கோப்பு வடிவமான ஃபிளாக் ஆக்குங்கள். 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட்டில் சி.டி.க்காக வெட்டினால் ஒவ்வொரு வெட்டும் 588 மாதிரிகளின் (சாம்பிள்) மடங்கில் விழ வேண்டும். இல்லையென்றால் பாட்டுகள் ஒன்றோடொன்று சேருமிடத்தில் ‘டிக்’ என்று கேட்கும். > குறியால் நிரம்பிய இசையில் இது தாங்காது. எம்.பி.3யை மறுபடி ஃபிளாக் ஆக்கிப் பகிர்வது பெரிய பாவம். மைக், கோணம், நின்ற இடம், ரெக்கார்டர் எல்லாவற்றையும் ஒரு உரைக்கோப்பில் எழுதிச் சேருங்கள். காசுக்கு விற்கக் கூடாது என்பது மட்டும் எல்லா இடத்துக்கும் பொதுவான விதி.

பழைய கச்சேரிகளை எங்கே கேட்பது?

இன்டர்நெட் ஆர்கைவின் நேரலை இசைத் தொகுப்பில். டெட்டைப் பொறுத்தவரை, பார்வையாளர் பதிவுகளைத் தரவிறக்கலாம். மிக்ஸரிலிருந்து எடுத்தவற்றை 2005 முதல் அங்கேயே கேட்க மட்டும் முடியும். தொடங்க ஒன்று வேண்டுமென்றால் 1977 மே 8, கார்னெல் பல்கலைக்கழகத்தின் பார்டன் ஹால். பெட்டி கேன்டர்-ஜாக்சன் பதிவு செய்தது, அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவேட்டில் இடம்பெற்றது. எல்லாரும் இதையே சொல்கிறார்கள் என்று சலித்துக்கொள்பவர்களும் உண்டு. எல்லாரும் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

சொந்தமாக ஒரு டெட் டிரிப்யூட் குழு தொடங்க என்ன வேண்டும்?

முதலில் 50, 60 பாட்டு. ஒரு இரவுக்கு 18 பாட்டு போகும். மூன்று இரவு திரும்ப வராமல் வாசிக்க முடியாத குழுவை இந்த ரசிகர்கள் இரண்டாம் முறை பார்க்க வரமாட்டார்கள். ஒத்திகையில் முழுப் பாட்டையும் வாசித்து நேரம் செலவழிக்காதீர்கள். ஒரு பாட்டிலிருந்து அடுத்ததற்குப் போகும் இடங்களை மட்டும் பழகுங்கள். மேடையில் குழு உடைவது எப்போதும் அங்கேதான்.

இரண்டு டிரம்மர் இருந்தால் ஒருவர் தாளத்தைப் பிடிக்க வேண்டும், மற்றவர் வண்ணம் சேர்க்க வேண்டும். இருவரும் ஒரே இடத்தில் ரோல் போட்டால் தகர டப்பா உருண்ட மாதிரி இருக்கும். ரிதம் கிடாரும் பியானோவும் நடு ஸ்தாயியில் மோதினால் எல்லாம் களியாகும். டெட்டின் ரிதம் கிடாரிஸ்ட் பாப் வியர் பெரும்பாலும் மேல் தந்திகளில் மூன்று ஸ்வரத் துண்டுகளாகவே வாசித்தது சும்மா இல்லை.

கார்சியாவின் கிடார் ஒலிக்கு எல்லாரும் ஃபென்டர் ட்வின் ரிவர்ப், மெக்கின்டாஷ் ஆம்ப், 12 அங்குல ஜே.பி.எல். ஸ்பீக்கர் என்று பட்டியல் போடுவார்கள். உண்மையான சூட்சுமம் கிடாருக்குள் இருந்தது. தந்தியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப்பின் சமிக்ஞை, கிடாரின் வால்யூம் குமிழுக்கு முன்பே வெளியேறி, ஒலியை மாற்றும் பெடல்களுக்குப் போய், திரும்பி வந்து, அதன் பிறகுதான் குமிழைத் தொடும். ‘வாவ்’ என்று வாய் திறக்கும் அந்த மியூ-ட்ரான் ஃபில்டர் பெடல், உள்ளே வரும் சமிக்ஞையின் பலத்தைப் பார்த்துத்தான் திறக்கும். சாதாரணக் கிடாரில் சத்தத்தைக் குறைத்தால் ஃபில்டர் திறக்கவே மறுக்கும். அவருக்கு எந்தச் சத்தத்திலும் ஒரே மாதிரி திறந்தது. கிடாரை அறுக்காமல் இதைச் செய்ய ஒரு வழி: கிடார் வால்யூமை முழுதாக வைத்துவிட்டு, ஃபில்டருக்குப் பின்னால் ஒரு வால்யூம் பெடல் போடுங்கள்.

உரிமை விஷயம் எப்படி?

அமெரிக்காவில் மேடையில் வாசிப்பதற்கான ராயல்டியை ஆஸ்கேப், பி.எம்.ஐ. போன்ற அமைப்புகளுக்கு அரங்கமே கட்டும். இந்தியாவில் அதே மாதிரி அமைப்பான ஐ.பி.ஆர்.எஸ். உரிமத்தை நிகழ்ச்சி நடத்துபவர் பெற வேண்டும். வீடியோவாக வெளியிடத் தனி அனுமதி தேவை. டெட்டின் மின்னல் மண்டையோடு, ஆடும் கரடி ஆகியவை வணிகச்சின்னங்கள், போஸ்டரில் போடாதீர்கள். அதனால்தான் டிரிப்யூட் குழுக்கள் பாட்டு வரியிலிருந்தோ சிலேடையிலிருந்தோ பெயர் எடுக்கின்றன.

புதிய சுற்றுப்பயணக் குழு ஒன்று அறிவிக்கிறார்கள். நம்பி டிக்கெட் வாங்கலாமா?

போஸ்டரில் பெரிய எழுத்தில் இருக்கும் கிடாரிஸ்டை விட்டுவிடுங்கள். டிரம்மரும் பேஸ் வாசிப்பவரும் யார், இருவரும் இதற்கு முன் சேர்ந்து வாசித்திருக்கிறார்களா என்று பாருங்கள். பிரபலமானவர் எல்லா ஊருக்கும் வருகிறாரா, குறிப்பிட்ட தேதிகளில் மட்டும் விருந்தினரா என்பது சிறிய எழுத்தில் இருக்கும். சந்தேகமிருந்தால் முதல் மூன்று இரவுகளின் செட்லிஸ்ட் வரும்வரை பொறுங்கள். மூன்றும் ஒரே மாதிரி இருந்தால், கடைசி இரவும் அப்படித்தான் இருக்கும்.

சென்னையிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ நேரலையில் பார்க்க எத்தனை மணிக்கு எழ வேண்டும்?

நக்ஸ் தளத்தில் பல குழுக்களும், லைவ்ஃபிஷ்ஷில் ஃபிஷ்ஷும் கட்டணத்துக்கு ஒளிபரப்புகின்றன. கோடையில் நியூயார்க் நேரம் மாலை 7:30 என்றால் சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் மறுநாள் காலை 5:00, சிங்கப்பூரில் 7:30. நவம்பர் முதல் மார்ச் வரை இதோடு ஒரு மணி நேரம் கூட்டுங்கள். சான் பிரான்சிஸ்கோ என்றால் இன்னும் மூன்று மணி நேரம். நியூயார்க் கச்சேரியில் இரண்டாம் செட் தொடங்கும்போதே சென்னையில் காலை 7 மணி ஆகிவிடும், அலுவலகம் கிளம்புகிறவர்கள் மறு ஒளிபரப்பு எத்தனை மணி நேரம் கிடைக்கும் என்பதை வாங்கும்போதே பார்த்துவிடுங்கள்.